பரீட்சைக்காக எழுதிய புத்தகம்

எப்படிப் படிக்க வேண்டும் என்று கல்லூரி மாணவனுக்குப் புத்தி சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. விடியற்காலையில் எழுந்திரு, அட்டவணை போட்டுக்கொள், எல்லாப் பாடங்களையும் சமமாகப் பார் என்கிறோம். நல்ல யோசனைகள்தாம். ஆயினும், படிக்கும் பழக்கம் ஒருவனிடம் எப்படி வேர் விடுகிறது என்பதை அறிவதற்கு, யோசனைகளைவிடச் சரித்திரம் நமக்கு அதிகம் உதவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் 'ட்ரைபாஸ்' என்னும் கணிதப் பரீட்சைக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு 'ராங்க்ளர்' என்று பெயர். அவர்களையும் முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவார்கள். அந்த வரிசையில் முன்னே நிற்பதற்காக மாணவர்கள் பணம் கொடுத்துத் தனி ஆசிரியர்களை நாடினார்கள். அங்கே அவர்கள் முக்கியமாகக் கற்றது வேகம்; கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன வழி என்று கண்டு, மளமளவென்று போட்டு முடிக்கும் வேகம்.

லண்டனில் அப்படித் தனி ஆசிரியராக இருந்தவர் ஜி. எஸ். கார். 1880-லும் 1886-லும் அவர் வெளியிட்ட கணிதச் சுருக்க நூலில் சுமார் 5,000 முடிவுகள் வரிசையாக இருந்தன. நிரூபணம் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்போடு சரி. பரீட்சைக்கு முன்பு ஒரு தரம் புரட்டிப் பார்க்க இதைவிட வசதியான நூல் வேறு என்ன வேண்டும்?

அதன் பிரதி ஒன்று 1903-ஆம் ஆண்டு வாக்கில், கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவரின் கைக்கு வந்தது. அவர்தாம் ராமானுஜன். நிரூபணம் இல்லாத இடங்களையெல்லாம் தாமே நிரப்ப உட்கார்ந்தார். ஒரு முடிவைத் தேடிப் போனால் புதிதாக வேறொன்று கிடைத்தது. அதன் பின்னே இன்னொன்று. பரீட்சைக்காக எழுதிய புத்தகம் அவருக்குப் பரீட்சையையே மறக்கடித்துவிட்டது!

1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவை மனத்தில் ஏறவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. அன்றைய விதிப்படி எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். ஒன்றில் மேதையாக இருந்தால் போதாது. காகிதம் வாங்கக் காசில்லை. ஆகவே சிலேட்டில் கணக்கைப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், கேம்பிரிட்ஜில் ஹார்டி என்ற மாணவர் தனி ஆசிரியரின் பரீட்சைத் தந்திரங்களால் வெறுத்துப் போயிருந்தார். கணிதத்தை விட்டுச் சரித்திரத்துக்கே போய்விடலாமா என்றுகூட எண்ணினார். பேராசிரியர் லவ், பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோர்டானின் நூலைப் படிக்கும்படி சொன்னார். கணிதம் இன்னதென்று தமக்கு உணர்த்தியது அந்த நூலே என்று ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். 1898-இல் நாலாவது ராங்க்ளராகத் தேறினார். பிறகு அந்தப் பட்டியலை ஒழிக்கவே போராடினார். 1909-ஆம் ஆண்டோடு அது நின்றது.

ஒருவரைப் பரீட்சை ஏறக்குறைய விரட்டிவிட்டது. மற்றவரைப் பரீட்சையே தள்ளிவிட்டது. 1914-இல் இந்த இருவரும் டிரினிடி கல்லூரியில் சந்தித்தார்கள். ஹார்டி வியந்தது ராமானுஜனின் முடிவுகளைக் கண்டு. திகைத்தது, நிரூபணம் என்றால் என்ன என்பதில் அவருக்குத் தெளிவு போதாதிருந்ததைக் கண்டு. கார் நூலும் சிலேட்டும் சேர்ந்து அமைத்த பழக்கம், கடல் கடந்தும் கூடவே வந்திருந்தது. ராமானுஜன் 1920-இல் மறைந்தார். அந்த நோட்டுகளிலிருந்த முடிவுகளுக்கு நிரூபணங்களைத் திரட்டி புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முழங்கை அழித்ததை மீண்டும் எழுத அத்தனை உழைப்பு!

ராமானுஜனைப் போல மற்றப் பாடங்களை விட்டுவிடு என்று எந்த மாணவனுக்கும் நான் சொல்ல மாட்டேன். அவர் பட்ட பசி எல்லோராலும் தாங்கக் கூடியதல்ல. ஆனால் ஒன்று சொல்லலாம். புத்தகத்தில் விடை கண்டதும் அடுத்த பக்கம் புரட்டாமல், அது எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்க்கிறவன்தான் படிக்கிறான். போட்டதை அழிக்காமல் வைத்துக்கொள்ள இன்று நமக்குக் காகிதமும் இருக்கிறது.