உயர் இரத்த அழுத்தமும் செவிலியப் பராமரிப்பும்

உயர் இரத்த அழுத்தம் என்பது தமனிகளில் இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 மி.மீ. பாதரச அளவிலோ அதற்கு மேலோ இருக்கும் நிலையாகும். பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றாமையால், நலமாக இருப்பதாக எண்ணிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இதனால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஏற்படக்கூடும்.

அளவிடும் முறை

அளவிடுமுன் நோயாளி ஐந்து நிமிடங்கள் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி அமர்ந்திருத்தல் வேண்டும். கை இதய மட்டத்தில் இருத்தல் வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, தேநீர் அருந்துதலும் புகைத்தலும் கூடாது. கைப்பட்டை சிறியதாயின் அளவு கூடுதலாகக் காட்டும். பொதுவாக வெவ்வேறு நாட்களில் அளந்த பின்னரே நோய் உறுதி செய்யப்படுகிறது.

பராமரிப்பு

உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகக் கொள்ளவும், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைக்கவும் செவிலியர் அறிவுறுத்துவர். மருந்து உட்கொள்வோர் படுக்கையிலிருந்து மெதுவாக எழுதல் வேண்டும். விரைந்து எழுந்தால் தலைச்சுற்றல் ஏற்படலாம். அழுத்தம் 180/120-ஐக் கடந்து, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மருந்து இடையில் நின்றுவிடாதிருக்க, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை நோயாளிகளின் வீட்டிலேயே வழங்குவது இதன் முதன்மைப் பணியாகும். இத்திட்டத்திற்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது.