நாவடக்கம் கற்பித்த பாறை

தலைநகருக்கு உறவினர் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றே. செங்கோட்டை, குதுப் மினார், பிர்லா மந்திர். விடுமுறை கூடுதலாக இருந்தால் ஆக்ராவும் பத்தேபூர் சிக்ரியும். பிரோஸ் ஷா கோட்லா என்றால் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானமே நினைவிற்கு வரும். அம்மைதானத்தை அடுத்த பாழடைந்த கோட்டைக்குள், அடுக்கடுக்காய் உயர்ந்த கட்டடமொன்றன் உச்சியில், ஒரே கல்லாலான தூண் ஒன்று நிற்கின்றது. அதனை அருகிற் சென்று கண்டோர் நம்முள் மிகச் சிலரே. வியாழக்கிழமைதோறும் நகரத்து எளிய மக்கள் அங்கே திரண்டு, தம் குறைகளைக் கடிதமாக எழுதி, அங்கு உறைவதாக நம்பப்படும் ஜின்களுக்கு விண்ணப்பம் வைக்கின்றனர். கேட்பார் ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் மனிதனை எங்கெல்லாம் கொண்டு செல்கின்றது! அவர்கள் தலைக்கு மேல் நிற்கும் அத்தூணோ, கேட்டல் என்னும் அறத்தைத் தன் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ஒரு பேரரசனுடையது.

தூண் அங்கு வந்த வரலாறே ஒரு கதை. இன்றைய அரியானாவிலுள்ள தோப்ரா என்னும் சிற்றூரில் நின்ற அதனைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கண்டு வியந்து, தம் புதிய நகருக்குக் கொண்டுவர விழைந்தார். இலவம்பஞ்சைக் குவியல் குவியலாகப் பரப்பி அதன்மேல் தூணைச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகள் வழியாகக் கொணர்ந்தனர் என்று ஷம்ஸ் சிராஜ் அபீப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். சுல்தான் கற்றோரை அழைத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார், எவராலும் இயலவில்லை. 1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தின் மறையை அவிழ்த்தார். அதில் தன்னைப் பியதசி என்று கூறிக்கொள்ளும் மன்னன் யாவன் என்பதற்கு விடை இலங்கையிலிருந்து வந்தது. ஆங்கு அரசுப் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர், பாலி நூல்களின் துணைகொண்டு அவன் மௌரியப் பேரரசன் அசோகனே என்று காட்டினார். 1915-இல் மஸ்கியில் கிடைத்த சாசனத்தில் அசோகன் என்ற பெயரே வெளிப்படக் காணப்பட்டபின் ஐயம் நீங்கிற்று.

கோட்லாத் தூணில் ஏழு சாசனங்கள் உள்ளன. ஏழாவது, இந்நாட்டில் இத்தூணில் மட்டுமே உள்ளது. முடிசூடி 27 ஆண்டுகள் கழிந்தபின் பொறிக்கப்பட்ட அதில், முதிர்ந்த மன்னன் தன் வாழ்நாட் பணியைத் தானே கணக்கிட்டுப் பார்க்கின்றான். பௌத்த சங்கத்தார், பிராமணர், ஆசீவகர், நிகண்டர் ஆகிய அனைவர் நலனையும் பேணத் தன் தரும அதிகாரிகளை அமர்த்தியதைக் கூறுகின்றான். பின்னர், அறம் வளர்வதற்கு வழிகள் இரண்டு என்கின்றான்: ஒன்று சட்டத்தால் கட்டுப்படுத்துதல், மற்றொன்று உள்ளத்தை எண்ணச் செய்து இணங்குவித்தல். இவ்விரண்டனுள் சட்டம் இலேசானது, எண்ணச் செய்தலே வலியது என்பது அவனது முடிபு. ஆணையிடும் வலிமை முழுவதும் கையில் இருந்த ஒருவன், ஆண்டு அனுபவித்தபின் சொல்லிய சொல்லாதலின் இதற்குத் தனி மதிப்புண்டு.

ஆயினும் நாம் ஈண்டுச் சிறப்பாகக் காண விழைவது, இதற்குப் பல ஆண்டுகள் முந்தியதாகிய பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தை. சௌராட்டிரத்துக் கிர்நார் மலையடிவாரத்திலும், யமுனை மலையிலிருந்து இறங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள கால்சியிலும், இன்று பாகிஸ்தானத்திலுள்ள ஷாபாஸ்கடி, மான்சேரா ஆகிய ஊர்களிலும், ஆந்திரத்து எர்ரகுடியிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. ஷாபாஸ்கடியில் ஏனைய சாசனங்கள் ஒரு பாறையில் இருக்க, இஃது ஒன்று மட்டும் தனிப் பாறையில் வெட்டப்பட்டுள்ளது.

அதன் கருத்து இது. மன்னன் எல்லாச் சமயத்தாரையும், துறவியரையும் இல்லறத்தாரையும், கொடையாலும் பல்வகைச் சிறப்பாலும் போற்றுகின்றான். ஆனால் கொடையையும் சிறப்பையும் அவன் பெரிதாக எண்ணவில்லை. ஒவ்வொரு சமயத்தின் உட்சாரமும் வளரவேண்டும் என்பதே அவன் விருப்பம். அவ்வளர்ச்சிக்கு வழிகள் பல, வேர் ஒன்றே. அவ்வேர் யாதெனின், நாவைக் காத்தல். தன் சமயத்தைத் தக்க காரணமின்றிப் புகழ்தலும் பிறர் சமயத்தைக் காரணமின்றி இகழ்தலும் ஆகா. பற்று மிகுதியால், தன் சமயத்தை விளங்கச் செய்வோம் என்று கருதிப் பிறர் சமயத்தைத் தூற்றுபவன், உண்மையில் தன் சமயத்துக்கே பெருந்தீங்கு இழைக்கின்றான். ஆகவே ஒன்றுகூடலே நன்று. ஒருவர் அறத்தை மற்றவர் கேட்கவேண்டும், கேட்க விரும்பவும் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்குக. பிற சமயத்தைக் குறைகூறவே கூடாது என்று மன்னன் விதிக்கவில்லை. தக்க காரணமின்றிக் கூறாதே, காரணம் இருப்பினும் மென்மையாகக் கூறு என்கின்றான். கருத்து வேற்றுமை உண்டு என்பதையும், அதனைச் சொல்லவேண்டிய வேளை வரும் என்பதையும் அவன் ஒப்புக்கொள்கின்றான். வாயை மூடிக்கொண்டு வாழும் அமைதியை அவன் கேட்கவில்லை. நம் காலனியில் பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் நாமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றோம். பண்டிகைக்குத் தட்டில் பலகாரம் அனுப்புகின்றோம். அது கொடையும் சிறப்பும். அவர்கள் அப்பண்டிகையை ஏன் கொண்டாடுகின்றனர் என்று உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர் என்றால், அடியேனும் தலைகுனிய வேண்டியவனே.

எல்லாச் சமயத்தாரும் எத்தகையவராதல் வேண்டும் என்பதற்கு மன்னன் ஆளும் சொல் ‘பஹுசுத’ என்பது. பல கேட்டவர் என்பது அதன் பொருள். கற்றவர் என்னாமல் கேட்டவர் என்றான். நூல்கள் வாய்மொழியாய் வழங்கிய காலத்தில் கல்வி என்பதே செவி வழியது. தமிழில் இதற்கு நேரான சொல் நம்மிடம் உண்டு. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதனைப் பொருட்பாலில், அரசனுக்குரிய இயலில் வைத்தார். கேள்வி என்றால் வினா என்று மட்டும் இன்று நம் பிள்ளைகள் அறிவர். செவியாற் பெறும் செல்வம் என்ற பழம்பொருள் வழக்கொழிந்து வருகின்றது.

சொற்களின் வரலாறு பற்றிப் பேச்செடுத்ததனால் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சமயப் பிரிவு என்பதற்கு அசோகன் ஆளும் சொல் ‘பாசண்டம்’. அவன் வாயில் அது எவ்வகை இழிவும் அற்ற சொல். தன் சமயத்தையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றான். சிலப்பதிகாரத்திலும் பாசண்டச் சாத்தன் என்று ஒரு தெய்வமே உண்டு. ஆனால் வடமொழியில் நாளடைவில் பாஷண்டன் என்பது பொய்ச் சமயத்தான் என்னும் வசைமொழி ஆயிற்று. 1963-இல் ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரில் ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. அதில் பன்னிரண்டாம் சாசனத்தின் கடைப்பகுதியும் பதின்மூன்றாம் சாசனத்தின் தொடக்கமும் கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்டிருந்தன. அங்கே பாசண்டத்துக்கு ஈடாகக் கிரேக்கர் இட்ட சொல் ‘தியாத்ரிபே’. ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசும் தத்துவக் கூட்டம் என்பது அதன் பொருள். அச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்து, இன்று ஆங்கிலத்தில் டயட்ரைப் என்றால் கடுஞ்சொல் மாரி என்று பொருள்படுகின்றது. பாடலிபுத்திரத்துச் சொல்லும் ஏதென்ஸ் நகரத்துச் சொல்லும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே பள்ளத்தில் வீழ்ந்தன. கூடிப் பேசுமிடத்துக்கு வைத்த பெயர் ஏச்சாக முடிவது இரு நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. அக்காந்தகார்ச் சாசனத்தில், தன் நாவை ஆள்பவனே தன்னை ஆள்பவன் என்ற கருத்தும் காணப்படுகின்றது.

இவ்வளவு கூறிய மன்னன் தானே இவ்வறத்தில் வழுவாது நின்றானோ எனின், முற்றும் ஆம் என்று கூற இயலாது. கயைக்கு அண்மையில் பராபர் குன்றுகளில், கண்ணாடிபோல் மெருகேற்றிய குகைகளை அவன் தன் சமயத்தாருக்கன்றி ஆசீவகத் துறவியருக்கு அளித்தான். இது சொன்னதைச் செய்ததற்குச் சான்று. ஆனால் ஒன்பதாம் பாறைச் சாசனத்தில், திருமணம், மகப்பேறு, பயணம் முதலியவற்றின்போது பெண்டிர் செய்யும் சடங்குகள் அற்பமானவை, பயனற்றவை என்று சற்றே ஏளனமாகப் பேசுகின்றான். அவர்கள் தரப்பை அவன் கேட்டறிந்ததாகச் சாசனத்தில் குறிப்பில்லை. அதனினும் கடுமை, சாரநாத், சாஞ்சி, கோசாம்பி ஆகிய இடங்களிலுள்ள சாசனத்தில் உள்ளது. சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிக்குவாயினும் பிக்குணியாயினும் வெள்ளாடை உடுத்தி வெளியேற்றப்பட வேண்டும் என்பது அந்த ஆணை. பிற சமயத்தார் மாறுபட்டால் கேள் என்றவன், தன் சங்கத்தார் மாறுபட்டால் வெளியேற்று என்றான். அயலாரிடம் காட்டும் பொறுமையை நம்மவரிடம் காட்டுவதன்றோ அரிது! சங்கம் என்ற பெயர் தாங்கிய எவ்வமைப்பின் பொதுக்குழுவிலேனும் ஒருமுறை அமர்ந்தவர்க்கு இது புதிதன்று.

தமிழகம் அசோகன் ஆட்சிக்கு உட்படவில்லை. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் ஆகியோரை எல்லைக்கு அப்பாற்பட்டவராகவே அவன் சாசனங்கள் கூறும். சத்தியபுத்திரர் என்பார் அதியமான் மரபினரே என்பது ஜம்பைக் கல்வெட்டால் விளங்கிற்று. எனினும் அவன் விழைந்த காட்சி தமிழில் ஒரு காப்பியமாகவே அமைந்துள்ளது. மணிமேகலையில், புகார் நகரத்து இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கின்றான். பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறும் நகரத்தாரை வேண்டுகின்றான். பின்னர் மணிமேகலை வஞ்சி நகரில் வேற்றுருக் கொண்டு சென்று, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அக்காதையின் பெயரே ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’. வென்ற காதை என்று அதற்குப் பெயரிடவில்லை. நூலாசிரியர் சாத்தனார் பௌத்தச் சார்பினர். பிறர் கொள்கைகளைத் தாம் ஏற்காவிடினும், கேட்கத்தக்க அளவில் அவற்றை எடுத்துரைக்கின்றார். மறைந்துபோன ஆசீவக சமயத்தின் கொள்கையை இன்று ஆராய்வோர்க்கு இக்காதையும் ஓர் ஆதாரம் என்றால், கேட்டு வைத்ததன் பயன் தெரியும்.

வட இந்தியாவில் இம்முயற்சியை மீண்டும் மேற்கொண்டவர் அக்பர். 1575-இல் பத்தேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்னும் வழிபாட்டு மன்றத்தை எழுப்பி, வியாழன் இரவுகளில் அறிஞரைக் கூட்டினார். முதலில் வந்தோர் முஸ்லிம் அறிஞர் மட்டுமே. அனைவரும் ஒரே சமயத்தார். தொடக்கமே இருக்கைச் சண்டை! எவர் எவருக்கு மேல் அமர்வது என்ற பூசலைத் தீர்க்க, ஒவ்வொரு வகுப்பாருக்கும் ஒவ்வொரு திசையை ஒதுக்க வேண்டியதாயிற்று. பின்னர்க் கழுத்து நரம்பு புடைக்கக் கூச்சல். தகாத பேச்சுப் பேசுவோரைத் தெரிவியும், வெளியேற்றுகிறேன் என்று பேரரசர் பதாயூனியிடம் கூறினார். அப்படியானால் பெரும்பாலோர் எழுந்து போகவேண்டியதாகும் என்று பதாயூனி பக்கத்திலிருந்தவர் காதில் முணுமுணுக்க, அது அக்பர் செவியில் விழ, அவர் அதனை மிகவும் சுவைத்தாராம். காலப்போக்கில் இந்துக்களும் சமணரும் பார்சியரும், 1580-இல் கோவாவிலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரிமாரும் அவைக்கு வந்தனர். ஆயினும் ஒவ்வொருவரும் பேரரசரைத் தம் பக்கம் திருப்புவதிலேயே நாட்டம் கொண்டனர். எதிரில் அமர்ந்தவரைக் கேட்டவர் அரியர். தீர்ப்பளிக்க ஒருவர் இருந்துவிட்டால் வாதிடுவோர் அவர் முகத்தை மட்டுமே நோக்குவர் போலும். கூட்டங்கள் சில ஆண்டுகளில் ஓய்ந்தன. மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்த பணியே நிலைத்தது. அப்பணியில் வடமொழிப் பண்டிதர் சொல்ல, பாரசீகம் வல்லார் கேட்டு எழுதினர். இபாதத் கானாவைப் பழித்த பதாயூனியும் அவ்வாறு கேட்டு எழுதியவருள் ஒருவர்.

கலிங்கத்துக்கு இப்போது வருவோம். தௌலி, ஜௌகடா ஆகிய இரு இடங்களிலும் பதினொன்று முதல் பதின்மூன்று வரையுள்ள சாசனங்கள் பொறிக்கப்படவில்லை. ஓரிலக்கம் பேர் மாண்ட போரைப் பற்றிய வருத்தவுரை, போரில் தோற்ற நாட்டில் எழுதப்படவில்லை. அவற்றுக்கு ஈடாக இரு தனிச் சாசனங்கள் அங்கு உள்ளன. அவை குடிமக்களுக்கு அன்று, ஆட்சிப் பொறுப்பில் இருந்தோருக்கே கூறப்பட்டவை. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், சலிப்பு ஆகியவற்றோடு நீதி செய்தல் இயலாது என்கின்றான் மன்னன். எல்லா மக்களும் என் மக்கள் என்கின்றான். அச்சாசனம் கல்லில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பூச நாள்தோறும் அது வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். இடையிடையே பிற நாட்களிலும் படிக்கலாம். கேட்பதற்கு ஒருவரே வந்தாலும் அவ்வொருவருக்காகவும் படிக்க வேண்டும் என்று அதன் முடிவில் எழுதிவைத்தான்.