அண்டாவிலிருந்து ஹீட்டர் வரை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 38 வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் நான். பிறந்து வளர்ந்தது குயின் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றின் பின்கட்டில். அங்கே வெந்நீர் என்றால் தீபாவளி விடியற்காலையும், பிள்ளை பெற்றவள் குளிக்கும் நாட்களும்தான். பாட்டி மூன்று மணிக்கே எழுந்து, பித்தளை அண்டாவுக்கு அடியில் பாக்காவ் கட்டையை மூட்டுவார். அலையாத்தி மரம், நின்று எரியும். பேராக்கின் கோலா செப்பத்தாங்கில் இன்றும் அதைச் சூளையிலிட்டுக் கரியாக்குகிறார்கள். எண்ணெய் ஊறிய தலையில் சீயக்காயும் சுடுதண்ணீரும் சேர்ந்து விழுந்த அந்தச் சுகம் இப்போதும் நினைவிருக்கிறது. மற்ற நாளெல்லாம் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வோம்.

பினாங்குக்கு மின்சாரம் 1904லேயே வந்துவிட்டது. எங்கள் குளியலறையிலோ அது ஒரு பல்போடு நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை வாடகை ஏறவில்லை. பல வீட்டுக்காரர்கள் வயரை மாற்றவும் இல்லை. 1999 கடைசியில் அந்தப் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியதும் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008ல் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, கடைவீடுகள் விடுதிகளாயின. அறைக்கு ஒரு ஹீட்டர் என்று எனக்கு வேலை குவிந்தது. தெரிந்த முகங்கள் இல்லாத வீடுகளில் அதை மாட்டும்போது மனசு கனத்தது.

ஒரு விடுதியில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் கேட்டார்: "எங்கள் வீட்டு ஷவர் 8.5 கிலோவாட். இது 3.6 தானே, எப்படிப் போதும்?" நம் குழாயில் தண்ணீர் 28 டிகிரியிலேயே வருகிறது. நிமிஷத்துக்கு 4 லிட்டரை இன்னும் 12 டிகிரி ஏற்ற 3.4 கிலோவாட் போதும். அவர் ஊர்க் குளிர்காலத்தில் 10 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்ற வேண்டும், அதற்கு 8.4 வேண்டும். தமிழ்நாட்டில் என் மைத்துனர் வீட்டுக் கீசர் வேறு வகை. 15 லிட்டரைத் தேக்கி வைத்து மெதுவாகச் சூடாக்குவதால் அதற்கு 2 கிலோவாட்டே போதுகிறது.

பாட்டியின் அடுப்பில் நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது, விலகி நின்றோம். ஹீட்டரில் மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள், ஈரமான இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயமாக்கின. எர்த் இல்லாத பழைய வீட்டில் ஹீட்டர் மாட்டச் சொன்ன முதலாளியிடம் முடியாது என்று சொல்லித் திரும்பியிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை அந்தக் கருவியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் பட்டென்று விழவில்லை என்றால் அன்றைக்குச் சுடுதண்ணீர் வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.