ஜப்பானியச் சிறுவீட்டின் அடுக்களை

அரசர்கள் எந்தெந்தப் போர்களில் வென்றார்கள் என்பதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர்கள், அந்த நாடுகளில் விடியற்காலையில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டியவர் யார் என்பதை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள். எழுத வேண்டிய அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால், ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புவோருக்கு இதைவிடப் பயனுள்ள வினா வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே. இன்று இந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பான் நாட்டின் சென்ற நூற்றாண்டு வரலாற்றில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம் என்று கருதுகிறேன். அவர்களும் நம்மைப் போலச் சோறு உண்பவர்கள். ஆகையால் அவர்களுடைய அடுக்களையின் இன்பதுன்பங்கள் நேயர்களுக்கு எளிதில் விளங்கும்.

பழைய ஜப்பானிய வீட்டில் அடுக்களை, பெரும்பாலும் வீட்டின் வடபுறத்தில், வெயில் படாத மூலையில் இருந்தது. தரை மண்தரை. கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்தது. அங்கே மண்ணால் கட்டிய அடுப்பு. அதற்குக் 'காமடோ' என்று பெயர். அதன்மேல் கனத்த மரமூடியிட்ட இரும்புப் பானை. ஜப்பானியர் கஞ்சி வடிப்பதில்லை. அளந்து ஊற்றிய நீர் முழுவதும் அரிசியிலேயே அடங்கிவிட வேண்டும். முதலில் தீ மெல்ல எரியவேண்டும், பிறகு ஓங்கி எரியவேண்டும், பின்னர் தணல் மட்டும் நிற்கவேண்டும். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்கலாகாது என்று மாமியார்மார் மருமகள்மாருக்குக் கற்பித்து வந்தார்கள். சற்றே கவனம் தவறினால் அடி தீயும், நடுவில் அரிசி அரிசியாக நிற்கும். ஆகவே பெண் அடுப்பை விட்டு அகல இயலாது. ஊர் உறங்கும் வேளையில் எழுந்து, பனிக்காலமாயினும் அந்த மண்தரையில் குந்தியிருந்து, புகையோடு போராடுவதே குடும்பத் தலைவியின் நாட்தொடக்கம்.

வீட்டிற்குள்ளோ, ஒரே அறை பல அறைகளாக உருமாறும். கோரைப்பாய் வேய்ந்த தரை. அதற்குத் 'தத்தாமி' என்று பெயர். காலையில் மெத்தைகளைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டு, கால் மடக்கும் குட்டை மேசை ஒன்றை விரித்தால் அது உணவுக்கூடம். இரவில் மேசையை மடக்கி மெத்தையை விரித்தால் அதுவே பள்ளியறை. இதனை ஜப்பானியரின் எளிமைக்கு எடுத்துக்காட்டாக மேல்நாட்டார் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயாளி ஒருவர் படுத்திருக்கும் வீட்டிலும், கைக்குழந்தை உறங்கும் வீட்டிலும் அந்த எளிமை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. நிஷியாமா உசோ என்னும் கட்டடக்கலை அறிஞர், எளிய மக்களின் வீடுகளுக்குள்ளேயே சென்று, அவர்கள் எங்கே உண்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். சிறிய வீட்டில் உண்பதும் உறங்குவதும் ஒரே அறையில் நடந்தால் போதும் என்று பலர் கருதிய காலம் அது. அவர் கண்டதோ வேறு. எவ்வளவு ஏழையாயினும், எவ்வளவு நெருக்கடியாயினும், மக்கள் ஒரு சிறு மூலையையாவது உண்பதற்கென்று ஒதுக்கிவைக்கவே முயன்றார்கள். அதற்காக உறங்கும் இடத்தைக் குறுக்கிக்கொள்ளவும் அவர்கள் தயங்கவில்லை. உண்ணுமிடமும் உறங்குமிடமும் வேறாக இருத்தல் வேண்டும் என்னும் தம் கொள்கையை 1942ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் வெளியிட்டார். நிபுணர்கள் மக்களுக்குப் பாடம் சொல்வது உலக வழக்கு. மக்களிடம் பாடம் கேட்ட நிபுணர் என்பதால் இவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

1945இல் போர் முடிந்தபோது நகரங்கள் பல சாம்பலாகக் கிடந்தன. நாட்டில் 42 இலட்சம் வீடுகள் குறைவு என்று கணக்கிட்டார்கள். இடமும் பணமும் சிமெண்டும் அரிதாயிருந்த அந்நாளில், மிகச் சிறிய இடத்தில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ்வது எப்படி என்பது அரசாங்கத்தின் கேள்வியாயிற்று. டோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிதாகே யாசுமியும் அவருடைய மாணவர் சுசுகி ஷிகெபுமியும் 1951இல் ஒரு வரைபடம் வகுத்தார்கள். ஏறக்குறைய 35 சதுர மீட்டர் பரப்பில் இரண்டு அறைகள். பெற்றோர்க்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே திறந்து மூடும் காகிதக் கதவுக்குப் பதில் சுவர். உணவுக்குத் தனியறை கட்ட இடம் ஏது? அதற்கு அவர்கள் கண்ட வழி, சமையல் செய்யும் இடத்தையே சற்று அகலமாக்கி, அங்கேயே உண்ணச் செய்வது. நிஷியாமாவின் கொள்கைக்கு இடம் கிடைத்தது இவ்வாறுதான்.

1955இல் ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டே ஒசாகாவை அடுத்த சாக்காய் நகரில் அதன் முதல் குடியிருப்பில் மக்கள் குடிபுகுந்தார்கள். 'டான்ச்சி' என்று வழங்கிய இந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில், உணவறையாகவும் விளங்கிய அந்த அடுக்களை தவறாது இடம்பெற்றது. தரையில் அமர்ந்தே உண்டு பழகிய மக்களிடம் உயரமான மேசை எங்கிருந்து வரும்? மேசை இல்லையென்றால் பழையபடி பாயறையில்தான் உண்பார்கள் என்று அஞ்சிய கழகத்தார், தொடக்கத்தில் கட்டிய வீடுகளில் மேசையையும் தாமே அமைத்துக் கொடுத்தார்கள். வீட்டோடு ஒரு பழக்கத்தையும் வாடகைக்கு விட்டார்கள் எனலாம்!

இந்த அடுக்களைக்கு உயிர் கொடுத்தவருள் ஒருவர் ஹமாகுச்சி மிஹோ என்னும் அம்மையார். ஜப்பானில் முதல்தரக் கட்டடக்கலைஞராகப் பதிவு பெற்ற முதற்பெண்மணி அவர். ஜப்பானிய வீடு விருந்தினருக்கும் ஆண்மகனுக்கும் நல்ல அறையைக் கொடுத்து, பெண்ணை இருட்டு மூலைக்குத் தள்ளிய பிரபுத்துவ வீடு என்று 1949இல் ஒரு நூலே எழுதினார். பாத்திரம் துலக்கும் தொட்டியை நடுவில் வைத்து, அதன் ஒருபுறம் காய் நறுக்கும் மேடையையும் மறுபுறம் அடுப்பையும் வைத்தால் பெண்ணின் நடை குறையும் என்பது அவர் வாதம். அதுவரை தொட்டிகள் சிமெண்டில் கல் துகள் கலந்து செய்யப்பட்டவை; கருத்துப் போகும், வழுக்கும். நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா உருக்கினால் செய்தாலோ, தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டவேண்டியிருந்ததால் விலை கட்டுப்படியாகவில்லை. ஒரே தகட்டை அச்சில் அழுத்தித் தொட்டியாக்க முயன்றார்கள். தகடு மீண்டும் மீண்டும் கிழிந்தது. 1956இல் அது கைகூடியது. வாடகை வீட்டின் அடுக்களையில் பளபளவென்று ஒளிவிடும் ஒரு தொட்டி இருப்பது, அங்கே வேலை செய்பவளுக்கும் மதிப்பு உண்டு என்று சொல்வதுபோல் இருந்திருக்கும் அன்றோ!

இனி சோற்றுக்கு வருவோம். மின்சாரத்தால் சோறாக்கும் முயற்சி புதிதன்று. பின்னாளில் சோனி என்று பெயர் பெற்ற நிறுவனம், போர் முடிந்தவுடன் மரத்தொட்டியில் மின்தகடுகளைப் பொருத்திச் சோறாக்கிப் பார்த்தது, ஒருநாள் குழைந்தது, ஒருநாள் வேகவில்லை, கைவிட்டார்கள். பிறர் செய்தவற்றிலும் யாராவது அருகில் நின்று விசையைத் திருப்பவேண்டும். அருகில் நிற்பதாயின் விறகடுப்பு என்ன, மின்னடுப்பு என்ன? தோஷிபா நிறுவனத்தில் சலவைப்பொறி விற்கும் பணியிலிருந்த யாமாதா ஷோகோ என்பவர், வீட்டு வேலைகளில் எது கடினம் என்று பெண்களைக் கேட்டபோது, சோறாக்குவதுதான் என்றார்கள். அவர் மினாமி யோஷிததா என்னும் சிறுதொழிலதிபரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். மினாமிக்குச் சோறாக்கத் தெரியாது. தெரிந்தவர் அவர் மனைவி புமிகோ.

வீட்டை அடகு வைத்துத் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில், பிள்ளைகளைப் பேணிக்கொண்டே நாள்தோறும் பானை பானையாகச் சோறாக்கி, வெப்பநிலையை அளந்து அளந்து எழுதியவர் புமிகோ அம்மையார். வெயிலிலும் குளிரிலும் வைத்துப் பார்த்தார். நீர் கொதிக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய 20 நிமிடம் அதே சூட்டில் வைத்திருந்து நிறுத்தினால் சோறு பதமாகிறது. ஆனால் குளிர்நாளில் கொதிக்கவே நெடுநேரம் ஆகும். கடிகாரத்தை நம்பி நிறுத்த முடியாது. அவர்கள் கண்ட தந்திரம் மிக எளியது. உள்பானையில் அரிசியும் நீரும். வெளிப்பானையில் ஒரு சிறு அளவு நீர். வெளிநீர் ஆவியாகித் தீர 20 நிமிடம் ஆகும். அது உள்ளவரை சூடு 100 பாகைக்குமேல் போகாது. அது தீர்ந்ததும் சூடு சட்டென ஏறும். அப்போது இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நீரே காவலாளியாயிற்று. 1955 டிசம்பரில் அந்தக் கலம் விற்பனைக்கு வந்தது. விலை 3,200 யென். பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞரின் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நேரங்காட்டும் விசை ஒன்றை இதனோடு இணைத்துவிட்டால், இரவே அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உறங்கலாம். விடியும்போது சோறு ஆயத்தமாக இருக்கும். இதில் யாருக்கு என்ன மறுப்பு இருக்க முடியும் என்று தோன்றும். மறுப்பு இருந்தது. சோறு ஆகும் நேரத்தில் உறங்க விரும்புகிறவள் என்ன குடும்பப் பெண் என்று பேசிய ஆண்கள் அந்நாளில் இருந்தார்கள். அவர்கள் ஒருவேளையேனும் காமடோ அடுப்பின்முன் அமர்ந்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திராது. பெண்கள் அவர்களோடு வாதிடவில்லை, கலத்தை வாங்கினார்கள். ஊர் ஊராகச் சென்று நேரில் சமைத்துக் காட்டி விற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் ஜப்பானியக் குடும்பங்களில் பாதியளவு இதனைப் பெற்றுவிட்டன.

விடியலில் மிச்சப்பட்ட நேரத்தோடு சமையலும் மாறியது. 1957 நவம்பரில் ஜப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொலைக்காட்சியில் 'இன்றைய சமையல்' என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. மாமியாரை விட்டுத் தனிக்குடித்தனம் வந்த இளம்பெண்ணுக்குச் சமையல் கற்பிக்க யார் இருந்தார்கள்? பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். முதல்நாள் கற்பித்த உணவு, சிப்பி இறைச்சியிட்ட கறிச்சோறு. 'கறி' என்னும் நம் சொல், ஆங்கிலேயர் வழியாக ஜப்பானை அடைந்து 'கரே' என்று பெயர் திரிந்து, அவர்களுடைய வீட்டுணவாகவே ஆகியிருந்தது. மசாலையும் மாவும் கொழுப்பும் சேர்த்துக் கட்டியாக்கிய பாளங்களை நீரில் கரைத்தால் குழம்பு முடிந்தது. சுவையைப் பற்றி நம் இல்லத்தரசியர் என்ன சொல்வார்களோ, அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

1958 ஆகஸ்டு 25ஆம் நாள், வெந்நீர் ஊற்றினால் உண்ணலாகும் உலர்ந்த ராமென் இழைகளை அந்தோ மொமொபுகு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஒரு வார இதழ் இக்குடியிருப்புவாசிகளை 'டான்ச்சிக் குலத்தார்' என்று எழுத, அப்பெயர் நிலைத்தது. 1960 செப்டம்பரில் பட்டத்திளவரசர் அக்கிஹிட்டோவும் மிச்சிகோவும் டோக்கியோவை ஒட்டிய ஹிபாரிகாவோகாக் குடியிருப்பைப் பார்வையிட்டு, ஒரு வீட்டின் முகப்பு மாடத்தில் நின்றார்கள். அரண்மனை வந்து அடுக்களையைப் பார்த்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

எனினும், இந்த வீடுகள் எல்லார்க்கும் கிட்டிவிடவில்லை. வருமானம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள், அதன்பின் குலுக்கல். குடிசையில் வாழ்ந்த ஏழைகள் வெளியே நின்றார்கள். உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் அலுவலக ஊழியரின் இளங்குடும்பங்கள். கணவன் கூட்டம் நெரியும் ரயிலில் நெடுந்தொலைவு சென்று இரவில் திரும்புவான். இரும்புக் கதவும் சாவியும் இருந்தமையால் பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குச் செல்ல முடிந்தது; வீட்டுக்குக் காவல் இருக்கும் கடமை ஒழிந்தது. அதே கதவு மூடிக்கொண்டால் அண்டைவீட்டின் அரவம் உள்ளே எட்டாது என்பதும் உண்மை.

சீபா மாநிலத்து மாட்சுடோ நகரில் தோக்கிவாதைரா என்னும் குடியிருப்பு, ஏறக்குறைய 4,800 வீடுகளோடு 1960இல் திறக்கப்பட்டது. அந்நகர அருங்காட்சியகத்தில், 1962ஆம் ஆண்டின் அவ்வீடு ஒன்றை உண்மை அளவிலேயே அமைத்துவைத்திருக்கிறார்கள். அதன் அடுக்களையில் சில நொடி நின்றேன். இரண்டு அடி எடுத்து வைத்தால் அடுத்த சுவர். மேசையிலிருந்து கைநீட்டினால் அடுப்பு எட்டும். அதற்குள் உண்டு, பேசி, பிள்ளை வளர்த்த ஒரு தலைமுறையே வாழ்ந்திருக்கிறது.

அப்பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினார்கள். 'இன்றைய சமையல்' நிகழ்ச்சி தொடங்கியபோது ஐந்து பேருக்கு என்று அளவு சொன்னார்கள். 1965இல் அது நான்கு பேருக்கு என்றாயிற்று. 2009இல் இரண்டு பேருக்கு என்றாயிற்று. 1968இல் வெளிவந்த 'பான் கறி' என்னும் பையுணவோ, தொடக்கத்திலேயே ஒருவருக்கு என்று அளந்து அடைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் தோக்கிவாதைராவின் ஒரு வீட்டில், தனியே வாழ்ந்த முதியவர் இறந்து மூன்றாண்டுகள் கழிந்தபின் கண்டெடுக்கப்பட்டார். வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே செலுத்தப்பட்டு வந்தமையால் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. 2004இல் குடியிருப்பு மக்களே கூடி, இத்தகைய தனிமைச் சாவுகளைத் தடுக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். அந்த வீடுகளுக்கு மணமக்களாக வந்து, பளபளக்கும் புதுத்தொட்டியில் அரிசி களைந்தவர்கள் பலர், அப்போது அங்கே முதியவர்களாய்த் தனியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.