லூர்து அன்னை நம் தெருவுக்கு வந்த வரலாறு

தருமபுரி வட்டாரத்தில் கத்தோலிக்கர் வாழும் சிற்றூர்களுக்குச் செல்வோர், ஆலய வளாகத்திலோ தெருமுனையிலோ கருங்கற்களை அடுக்கி அமைத்த சிறு கெபி ஒன்றைக் காண்பது வழக்கம். உள்ளே வெண்ணிற ஆடையும் நீலக் கச்சையும் பூண்டு, கைகளைக் குவித்து நிற்கிறாள் லூர்து அன்னை. பிப்ரவரி 11 ஆம் நாள் வந்தால் கொடியும் சப்பரமும் மெழுகுதிரிகளுமாக அவ்விடம் விழாக்கோலம் பூணும். பிரெஞ்சு நாட்டு மலையடிவாரத்து உருவம் ஒன்று நம் பாறை நிலத்துக்கு எவ்வாறு வந்தது? நம் மக்கள் அதனைத் தம் தாயாக ஏற்றுக்கொண்டது எதனால்? நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்; ஏனெனில் இது சிலையின் வரலாறு மட்டுமன்று, நம் முன்னோரின் மானத்தின் வரலாறும் ஆகும்.

பழங்காலத்தில் பாராமகால் என வழங்கிய இந்நிலப்பகுதி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. 17 ஆம் நூற்றாண்டில் மைசூர் நாட்டில் இயேசு சபைக் குருக்கள் மறைப்பணி தொடங்கினர். 1773 இல் அச்சபை கலைக்கப்பட்டது. அதன்பின் பாரிசு மறைபரப்புச் சபையினர் புதுவைப் பணித்தளத்தின் பொறுப்பை ஏற்றனர். இடையில் மைசூர்ப் போர்கள் மூண்டன. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறிற்று. குருக்கள் மிகச் சிலராய் இருந்த அக்காலங்களில் விசுவாசத்தைக் காத்து நின்றது பெரும்பாலும் உபதேசியார்களும், செபமாலையை மனப்பாடமாய் அறிந்திருந்த எளிய இல்லத்துப் பெண்களுமே எனலாம். எழுத்தறியாதவரும் சொல்லக்கூடிய செபம் அதுவன்றோ!

ஆயினும் அன்னையின் ஆலயத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்தனரா? இல்லை. புதுவையில் இன்று சம்பா கோயில் என வழங்கும் அமலோற்பவ அன்னை ஆலயம் இருக்குமிடத்தில் அக்காலத்து ஆலயம் ஒன்று இருந்தது. அதனுள் தாழ்த்தப்பட்ட கிறித்தவரைப் பிரித்து வைக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745 ஆம் ஆண்டில் நம் மக்கள் திரண்டு குருக்களிடம் சென்று, நாங்களும் உம் பிள்ளைகளாயின் இச்சுவர் எதற்கு என்னும் கருத்துப்பட முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. இச்செய்தியை எழுதி வைத்தவர் நம்மவர் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அதை அவர் மகிழ்ந்து எழுதவில்லை என்பதும் கருதத்தக்கது. சமத்துவம் நேற்று வந்த கோரிக்கை என்பார்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே தக்க விடையாகும்.

இனி லூர்து நகருக்கு வருவோம். 1858 பிப்ரவரி 11 முதல் சூலை 16 வரை பதினெட்டு முறை அன்னை தனக்குக் காட்சி தந்ததாக பெர்னதெத் சுபீரு என்னும் பதினான்கு வயதுச் சிறுமி அறிவித்தாள். அவள் தந்தை ஆலையை இழந்து வறுமையுற்ற மாவரைப்போர். அக்குடும்பம் குடியிருந்ததோ கைவிடப்பட்ட பழைய சிறைக்கூடத்தின் ஓர் அறை. காட்சி நிகழ்ந்த மசபியேல் குகை பன்றிகள் ஒதுங்கும் இடம். தன்னிடம் பேசிய பெண்மணி கற்றோரின் பிரெஞ்சு மொழியில் பேசவில்லை, தன் வட்டாரத்துப் பேச்சுமொழியிலேயே பேசினாள் என்றாள் பெர்னதெத். 1862 இல் தார்பு ஆயர் அக்காட்சிகளை ஏற்றுக்கொண்டார். 1864 இல் சிற்பி ஃபாபிசு செதுக்கிய பளிங்குச் சிலை அக்குகையில் நிறுவப்பட்டது. உலகெங்கும் நாம் காணும் லூர்து அன்னை உருவங்கட்கு அதுவே மூலம். தான் கண்டது போல் அச்சிலை இல்லை என்று பெர்னதெத் கூறியதும் வரலாறே.

தமிழ் மண்ணில் பணியாற்றிய பாரிசு சபைக் குருக்கள் இப்பக்தியைத் தம்முடன் கொணர்ந்தனர். புதுவையை அடுத்த வில்லியனூரில் லூர்து அன்னையின் சிலை 1877 இல் நிறுவப்பட்டது. 1886 இல் அதற்கு முடி சூட்டப்பட்டது. அவ்வாண்டுகளை நினைவிற் கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. தருமபுரியையும் கிருட்டிணகிரியையும் தன்னகத்தே கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1881 இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. நிலமும் தானியக் குதிரும் இல்லாத கூலி மக்களே முதலில் மடிந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் சேத்துப்பட்டில், பாரிசு சபையைச் சேர்ந்த தார்ராசு அடிகளார் (1835–1916) உழைத்தார். அவர் காலத்தில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். அவருள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அங்கு எழுந்த பேராலயம் லூர்து அன்னைக்கே உரித்தாக்கப்பட்டது. கஞ்சிக்காக மதம் மாறியவர் என்று இம்மக்களை இகழ்ந்தோர் உண்டு. பஞ்சம் நீங்கியபின் சிலர் திரும்பியதும் உண்மையே. ஆனால் நிலைத்தோர் பலர். கஞ்சி ஒரு பருவத்துப் பசியைத் தீர்க்கும். தலைமுறைகளைப் பிணிக்க அதனால் இயலாது. பெயர் சொல்லி அழைத்த குரலும், பிள்ளைக்குத் திறந்த பள்ளியுமே அவர்களை நிலைக்கச் செய்தன.

இவ்வரலாற்றுக்குச் சான்று நம் வீட்டுப் பெயர்களிலேயே உண்டு. லூர்துசாமி, லூர்துமேரி என்னும் பெயர்கள் 1858 க்கு முன் தோன்றியிருக்க இயலாது. பாத்திமாமேரி என்பது 1917 ஆம் ஆண்டின் போர்த்துகல் காட்சிகட்குப் பிற்பட்டது. ஆரோக்கியமேரி என்பது வேளாங்கண்ணியின் ஆரோக்கிய அன்னையை நினைவூட்டுவது. பட்டயமும் கல்வெட்டும் இல்லாத மக்களுக்குப் பெயரே கல்வெட்டு. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை வரிசையாகப் படிப்பவர், ஒரு பக்தி எந்தத் தலைமுறையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தது என்பதைக் கண்டுகொள்ளலாம்.

கெபியின் சிறப்பும் இதுவே. பேராலயம் எழுப்பப் பொருளும் நிலமும் வேண்டும். கெபிக்கோ நம் பாறையும் நம் தோளும் போதும். நடுத்தெருவின் இசைவை எதிர்நோக்க வேண்டியதில்லை. தேர் வராத தெருவிலும் தாய் நிற்க முடியும் என்பதைக் கெபி மெய்ப்பித்தது.

தேர் வராத தெரு என்றது பழங்கதை அன்று. விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த இறையூரில், செபமாலை அன்னையின் பெயர் தாங்கிய பங்கில், தனிப் பங்கும் சமவுரிமையும் கோரிய தலித் கிறித்தவருக்கும் ஆதிக்கச் சாதியினருக்கும் இடையே 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அன்னையின் பெயரால் ஒன்றுகூடுவோர் அன்னையின் முன்னிலையிலேயே பிரிந்து நிற்பது எத்துணை வேதனை! அரசும் இம்மக்களுக்கு நீதி செய்தபாடில்லை. 1950 ஆம் ஆண்டின் ஆணை பட்டியல் இனத்தார் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றளவும் வெளியிலேயே நிற்கின்றனர். 2016 இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. அது ஏட்டிலிருந்து தெருவுக்கு வருவது நம் விழிப்பைப் பொறுத்தது.

1930 இல் சேலம் மறைமாவட்டமும், 1997 இல் அதனின்று தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. நிருவாகம் அருகில் வந்தது. வரலாற்றை எழுதும் கடமையும் நம் அருகில் வந்துவிட்டது. இளைஞர்களே! உங்கள் ஊர்க் கெபியைக் கட்டக் கல் சுமந்தவர் யார் என்று பாட்டனாரிடம் கேளுங்கள், எழுதி வையுங்கள். 1745 இன் சுவரை நம் முன்னோர் இடித்தனர். அதை எழுதியதோ பிறர். இனி இடிப்பதும் எழுதுவதும் நம் கையாக இருத்தல் வேண்டும். அதற்காகவே நமது சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்து வந்திருக்கிறது.