மாய விளக்கும் மெய்விம்பமும்

குவிவு வில்லையும் தலைகீழான மெய்விம்பமும் கீறிப் பழகிய விஞ்ஞான பாடம் எம்மில் பலருக்கு ஞாபகமிருக்கும். பரீட்சைக்காக மனனஞ் செய்த அந்தக் கதிர்ப்படம் ஒரு காலத்தில் பாரிஸ் மக்களை அலறவைத்தது.

1659 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மாய விளக்கை அமைத்தார். கண்ணாடியில் தீட்டிய சித்திரத்தை விளக்குக்கும் வில்லைக்கும் இடையில் தலைகீழாகச் செருகினால், சுவரில் அது நிமிர்ந்து பெரிதாகத் தெரியும். அதற்கென அவர் வரைந்தது, தன் தலையைத் தானே கழற்றும் எலும்புக்கூடு. ஆயினும் 1662 இல் பிரெஞ்சு அரசவையில் காட்டவெனத் தகப்பனார் விளக்கொன்றைக் கேட்டபோது அவர் வெட்கப்பட்டார். இந்த விளையாட்டுப் பொருளால் குடும்பத்துக்கு மதிப்புக் குறையுமென்று, அது வேலை செய்யாதபடி வில்லையொன்றை அகற்றிவிடுமாறு தம்பிக்கு எழுதினார்.

ரொபேர்ட்சன் என்ற பெயரில் காட்சி நடத்திய எத்தியன் காஸ்பார் ரொபேருக்கு அந்த வெட்கம் இருக்கவில்லை. புரட்சியின் கொலைக்களம் ஓய்ந்து நாலு வருடங்களே சென்றிருந்த 1798 இல் பாரிஸில் பேய்க்காட்சியைத் தொடங்கி, அடுத்த வருடம் அதைக் கப்புச்சின் துறவிகளின் பழைய மடத்துக்கு மாற்றினார். உறவுகளைப் பறிகொடுத்த நகரம், இருட்டில் இறந்தவர்களின் உருவங்களைக் கண்டது.

உபாயம் எளியது. உருவத்தைச் சுற்றிக் கண்ணாடி முழுவதும் கறுப்பு மை. ஆதலால் சித்திரத்துக்கு ஓரம் தெரியாது, உருவம் வெளியில் மிதக்கும். விளக்கு, திரைக்குப் பின்னால் சில்லுகளில் நின்றது. அதைப் பின்னே இழுத்து வில்லையைச் சரிசெய்ய, விம்பம் பெருத்தது. முன்னாலிருந்தவர்களுக்கோ பேய் பாய்ந்து வருவது போலிருந்தது. விளக்கு விலக விலகப் பேய் நெருங்கியது!

இவை பேய்களல்ல, விஞ்ஞானத்தின் விளைவுகளே என்று ரொபேர்ட்சனே சபையோருக்குச் சொன்னார். ஆனாலும் பயந்தார்கள். அறிவு சொல்வதைக் கண் உடனே கேட்பதில்லை.

1895 இல் லூமியர் சகோதரர்கள் படச்சுருளைக் காட்டியபோதும் பின்னால் எரிந்தது மாய விளக்கின் ஒளிதான். இன்று கைத்தொலைபேசியில் எத்தனையோ உருவங்கள் எம்மை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. நம்புவதற்கு முன், விளக்கு எங்கே நிற்கிறது, அதை இழுப்பவர் யார் என்று பார்ப்போம். கதிர்ப்படம் கீறக் கற்றுத்தந்த ஆசிரியைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.