வெள்ளி இல்லாத வெள்ளி



சம்பள நாளன்று கடைக்குப் போய் வந்தவரிடம், “எவ்வளவு ஆயிற்று?” என்று கேட்டுப் பாருங்கள். “ஐம்பது வெள்ளி” என்பார். 1975 முதல் ரிங்கிட் என்பதே சட்டப்படியான பெயர்; ஆயினும் நம் வாயில் வருவது வெள்ளிதான். ஆனால் கையில் இருப்பதோ தாள். சில்லறையிலும் குன்றிமணி அளவு வெள்ளிகூடக் கிடையாது. அப்படியானால் அந்த வெள்ளி எங்கே போயிற்று?

இக்கேள்வி எங்களுக்கு வகுப்பறையில்தான் எழுந்தது. பழம்பொருள் கண்காட்சிக்கு மாணவன் ஒருவன் தன் பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு காசு கொண்டு வந்தான். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய காசு. ஒருபுறம் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை. மறுபுறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். தமிழ் எழுத்தைத் தேடிப் பார்த்தோம், இல்லை. ஆண்டு 1904. பள்ளிக்குப் போகும் காசாயிற்றே என்று பாட்டி புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து அனுப்பியிருந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிகளில் நாணயச்சாலை கிடையாது. மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசும், கிழக்காசிய வணிகத்திற்காக ஆங்கிலேயர் அடித்த வெள்ளிக் காசும் இங்கே புழங்கின. 1903-இல் இந்நாட்டுக்கென்று தனிக்காசு வேண்டும் என்று முடிவாயிற்று. பழைய காசுகளைத் திரட்டிக் கப்பலேற்றி மும்பை நாணயச்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவை உருக்கப்பட்டு, நீரிணை வெள்ளியாகப் புதுப்பிறவி எடுத்துத் திரும்பி வந்தன. நம் முன்னோர் கடல் கடந்து வந்த காலத்தில், அவர்களுக்குக் கூலியான காசும் இந்தியாவிலிருந்து கடல் கடந்துதான் வந்தது.

அந்தக் காசின் எடை 26.95 கிராம். பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி. பெயரும் வெள்ளி, பொருளும் வெள்ளி.

சிக்கல் விரைவிலேயே வந்தது. 1906-இல் ஒரு வெள்ளியின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று. காசில் எழுதிய மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் மதிப்பு மிகுந்துவிட்டால் என்ன ஆகும்? காசைக் கடையில் கொடுப்பவன் ஏமாளி, உருக்கி விற்பவன் கெட்டிக்காரன் என்றாகிவிடும். எனவே 1907-இல் காசைச் சிறிதாக்கினார்கள். எடை 20.21 கிராமாயிற்று. பெரிய காசுகள் திரும்பப் பெறப்பட்டு மீண்டும் உலைக்குப் போயின. முதல் உலகப் போரையொட்டி வெள்ளி விலை மறுபடியும் உயரவே, 1919 முதல் அடித்த காசில் எடை 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதற்காசில் சுத்த வெள்ளி 24 கிராமுக்குச் சற்று மேல். இதிலோ எட்டரைக் கிராம்கூட இல்லை. பெயர் மட்டும் மாறவில்லை. அந்த வரிசையும் 1926-உடன் நின்றது.

1928-இல் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வகுத்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு வெள்ளி சேர்க்க ஆண் இரண்டு நாளும், பெண் இரண்டரை நாளும் உழைக்க வேண்டும். (ஒரே தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஏன் இரு கூலி என்பது வேறொரு நாள் பேச வேண்டிய செய்தி.) அப்படிச் சேர்த்ததைத்தான் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்தார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் வாழைமரத் தாள் வெறுங்காகிதமானபோது, பெட்டியடியில் கிடந்த வெள்ளிக்காசு மட்டும் வெள்ளியாகவே இருந்தது.

1967 ஜூன் 12 முதல் பேங்க் நெகாரா மலேசியப் பணத்தை வெளியிட்டது. பின்னர் ஷா ஆலாமில் நமக்கென்று நாணயச்சாலையும் அமைந்தது. புழங்கும் காசில் இல்லாத வெள்ளி, வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஆம், நினைவு நாணயமாக. 1976-இல் வனவிலங்குப் பாதுகாப்பிற்கென வந்த 15 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் காட்டெருதும், 25 ரிங்கிட் நாணயத்தில் இருவாய்ச்சிப் பறவையும், 500 ரிங்கிட் தங்க நாணயத்தில் தாப்பிரும் இடம்பெற்றன. இவை கடைக்குக் கொண்டுபோக அல்ல, சேர்த்து வைக்க. மெருகேற்றிய அச்சில் அடித்து, பெட்டியிலிட்டு, முகமதிப்பைவிடக் கூடுதலாக விற்பார்கள். 2001-இல் வந்த கீஜாங் எமாஸ் தங்கக் காசு வேறு வகை. அதன் விலை தங்கத்தின் விலையோடு ஏறி இறங்கும்.

நினைவு நாணயம் எல்லாம் நாளை விலையேறும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. சம்பள நாளில் பெட்டியோடு தோட்டத்து வாசலுக்கே வந்த ஒருவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். சாதாரண உலோகத்தில் ஏராளமாக அடித்த நாணயத்தை வங்கி முகமதிப்புக்கு மேல் வாங்காது. சில வேளை அதுவும் கிடைக்காது: 1989-இல் வந்த ஒரு ரிங்கிட் நாணயம், கள்ளக்காசு பெருகியதால் 2005 டிசம்பரில் செல்லாததாயிற்று. உண்டியலில் மறந்து வைத்தவர்களுக்கு அது இன்று நினைவுப்பொருள்தான்.

இனிப் பாட்டியின் காசுக்கு வருவோம். பட்டணத்தில் ஒரு கடைக்காரர் எடைக்கு எடை வெள்ளி விலை தருவதாகச் சொன்னாராம். உலைக்குத் தப்பிய காசுக்குச் சேகரிப்பவர் தரும் விலை வேறு என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் சேகரிப்பவர் முதலில் பார்ப்பது, காலம் அதன்மேல் படியவிட்ட கருமையைத்தான். தேய்த்த காசும், வளையம் பற்றவைத்த காசும் அவர் கண்ணில் பாதி மதிப்பை இழந்துவிடும். போலிகளும் உலவுகின்றன. காந்தம் இழுத்தால் அது வெள்ளிக்காசு அல்ல. இழுக்காததெல்லாம் வெள்ளி என்றும் முடிவு கட்டக் கூடாது. எடை பார்க்க வேண்டும்.

பள்ளித் தராசில் நிறுத்தோம். 26 கிராமும் சொச்சமும் காட்டியது. நூறாண்டுக்கு மேல் கைமாறித் தேய்ந்தது போக மீதி அது. பாட்டியிடம் விவரம் சொன்னோம். “இனிப் புளி போடமாட்டேன் வாத்தியாரே” என்று காசை வாங்கிப் பழைய துணியிலேயே முடிந்துகொண்டார். விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.